முப்பத்தைந்து நிமிடம்

நவம்பர் 2, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். பெயர் கோகிலவாணி. ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு. ஊர் கோவை, கணபதி.

எழுதத் தொடங்கக் காரணம் இன்று அம்மா நடத்தும் பம்ப் பட்டறைக்கு வந்த ஒரு பிணம். பிணம் என்று சொன்னது வெல்டர் ஆறுச்சாமி அண்ணன். டெம்போவிலிருந்து அதை இறக்கியதும் இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, "ஏனுங்கக்கா, இதையப் பொதைக்கறதுங்களா, எரிக்கறதுங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அது 1971இல் செய்த மோட்டார் சைக்கிள். அன்னூரில் ஒரு பால்காரர் இரண்டு பக்கமும் கேன் கட்டி முப்பது வருடம் ஓட்டிவிட்டு, மாட்டுக் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்தாராம். இருக்கையைப் பிரித்தால் உள்ளே எலிக்கூடு. ஐந்து குஞ்சுகள், உயிரோடு. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கிரைண்டர் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார்.

இந்தப் பிணத்தின் மேல்தான் என் கூடப் பிறந்த ரேணு அக்கா டிசம்பர் 7 அன்று டிரையல்ஸ் போட்டிக்குப் போகப் போகிறாள். டிரையல்ஸ் வேகப் பந்தயம் இல்லை. பாறை, சேறு, சரிவு இவற்றுக்கு நடுவே நாடா கட்டி வழி விட்டிருப்பார்கள். எவ்வளவு மெதுவாகவும் போகலாம், ஆனால் கால் தரையில் படக் கூடாது. ஒரு தடவை பட்டால் ஒரு புள்ளி. விழுந்தால் ஐந்து. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவர் ஜெயித்தவர்.

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர், பழனி வண்டி. விதியைக் கேட்டுவிட்டு, "கால் பட்டாப் புள்ளியா? என்ற பஸ்ஸுல ஏறிப் பாக்கச் சொல்லு. பொள்ளாச்சி வரைக்கும் ஒருத்தன் காலும் தரையில படாது" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. பழைய வண்டிப் பிரிவில் முதல் ஆறு இடத்துக்குள் வருகிறவர்களை ஓசூரில் ஒரு வண்டித் தொழிற்சாலை சோதனை ஓட்டுநர் பயிற்சிக்கு அழைக்கிறது. இருபத்தொரு வயது முடிந்தால் எடுக்க மாட்டார்கள். அக்காவுக்கு ஜனவரியில் இருபத்தொன்று முடிகிறது. இரண்டு வருடமாக இரவல் வண்டிகளில் பழகியவளுக்கு இதுதான் முதல் சொந்த வண்டி, இதுதான் கடைசி வாய்ப்பு.

போட்டிக்கு வரும் ஒவ்வொரு பழைய வண்டிக்கும் வேலைப் பதிவேடு இருக்க வேண்டும் என்பது போட்டி நடத்தும் கிளப்பின் சட்டம். அம்மா அதை என்னிடம் கொடுத்தாள். "இந்த வீட்டுலயே உன்ற கையெழுத்துத்தான் படிக்கற மாதிரி இருக்குது. தேதி, என்ன வேல, யாரு செஞ்சது. அவ்ளோதான். கதை எழுதிப்போடாத."

கதை எழுதத்தான் இந்த நோட்டு.

நவம்பர் 3, திங்கள்

நட்டு, போல்ட், வாஷர் எல்லாம் சேர்த்து 214. ஊறுகாய் பாட்டில்கள் 9. எல்லா பாட்டிலுக்கும் பெயர்ச் சீட்டு ஒட்டினேன். கணக்குப் பரீட்சை 41/50.

நவம்பர் 6, வியாழன்

அக்காவின் பயிற்சி ஒன்றை எழுதி வைக்க வேண்டும். சைக்கிளில் ஏறி, பிரேக்கைப் பிடித்து, முன் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, அசையாமல் நிற்கிறாள். ஓட்டுவதில்லை. நிற்கிறாள். இன்று காலை நின்றபடியே நான்கு இட்லி சாப்பிட்டாள். அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாயாக ஊட்டினார்.

"சட்னி தொட்டுக் குடுங்கப்பா."

"சாஞ்சிருவியே."

"நான் சாய மாட்டேன். நீங்க ஆட்டாம இருந்தாப் போதும்."

ஆறு நிமிடம் இருபது நொடி. கால் படவில்லை. இட்லிதான் விழுந்தது.

எஞ்சினை அம்மா முழுதாகப் பிரித்துவிட்டாள். பிஸ்டனில் அரை விரல் தடிமனுக்குக் கரி. அம்மா அதைச் சுரண்டும்போது மூக்கால் ஏதோ பாடினாள். பம்ப் உருளைகளைக் கடையும்போது அவள் பாடி நான் கேட்டதில்லை.

நவம்பர் 8, சனி

பள்ளி இல்லை. சேஸை, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தை மட்டும் தனியாக எடுத்து, உப்புத்தாள் வைத்துப் பழைய பெயிண்டைத் தேய்த்தோம். நீலத்துக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே கறுப்பு. கடைசியில் வெறும் இரும்பு. பார்க்க ஒரு பெரிய மிருகத்தின் எலும்புக்கூடு மாதிரி இருந்தது.

அடுத்து விரிசல் சோதனை. அம்மா சொன்னது அப்படியே:

"நூத்தி இருவது லிட்டர் பாலச் சொமந்த எலும்பு இது. எங்கியாச்சும் மயிரிழை விட்டிருந்தா கண்ணுக்குத் தெரியாது. குழாயும் குழாயும் சேர்ற பதினோரு எடத்துலயும் சீமெண்ணெய் பூசோணும். ஒரு ராத்திரி முழுக்க ஊறோணும். காலைல சுத்தமாத் தொடச்சுப்போட்டு சாக்பீஸ் பொடியத் தடவோணும். விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் வெளிய கசியும். வெள்ளைல கறுப்பாக் கோடு உழும்."

"இல்லைன்னா?"

"வெள்ளையாவே இருக்கும். அப்புறம் என்ற மக கண்ண மூடிட்டு ஏறலாம்."

பால்காரரின் வண்டி, எண்ணெய், சாக்பீஸ். இயற்பியல் புத்தகத்தில் இருக்க வேண்டிய பாடம். இப்படி ஒன்று இருக்கிறது என்று யாருமே எனக்குச் சொல்லவில்லையே என்று திகைத்துப் போனேன்.

அம்மா செவ்வாய் காலை ஈரோட்டுக்குப் போகிறாள். சாயப்பட்டறை பம்ப் வேலை, சனிக்கிழமைதான் வருவாள். சோதனையை என்னிடம் ஒப்படைத்தாள். அக்காவிடம் இல்லை, ஆறுச்சாமி அண்ணனிடம் இல்லை. என்னிடம்.

நவம்பர் 11, செவ்வாய்

ஆழ்கடல் மீன்கள் பற்றிய நூலகப் புத்தகத்தை நாளை திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னும் நூற்றுப்பத்துப் பக்கம் இருந்தது. சூரிய ஒளியே எட்டாத ஆழத்தில் ஒரு மீன் தன் தலையிலேயே விளக்கு வைத்திருக்கிறது. முடித்துவிட்டேன். எண்ணெய் பூசுவது நாளைக் காலை.

நவம்பர் 12, புதன்

காலை 5:50க்குப் பதினோரு இடத்திலும் எண்ணெய் பூசினேன். 6:25க்குத் துடைத்தேன். சாக்பீஸ் இரண்டைப் பொடித்துத் தடவினேன். எல்லாம் வெள்ளை. கோடு இல்லை. பதிவேட்டில் எழுதியது: 'விரிசல் சோதனை செய்யப்பட்டது. விரிசல் இல்லை. கோ. வாணி.'

முப்பத்தைந்து நிமிடமும் குறைவான நேரம் இல்லை. இரும்பு எவ்வளவு குடிக்கும்?

மத்தியானம் அம்மா ஈரோட்டிலிருந்து பேசினாள். "ராத்திரி பூசினியா கண்ணு?"

"ம்."

"கோடு?"

"இல்லம்மா."

"என்ற தங்கம்."

இரவுச் சாப்பாட்டில் அக்காவும் கேட்டாள். "எப்பப் பூசுன?"

"நேத்து ராத்திரி."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். நேற்று நான் படித்துக்கொண்டிருந்த அதே கட்டிலில்தான் அவளும் படுத்திருந்தாள். "மீன் புஸ்தகம் முடிஞ்சுதா?" என்றாள். முடிந்தது என்றேன். சங்கிலி அளக்க வேண்டும் என்று பட்டறைக்குப் போனாள்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

பள்ளியிலிருந்து வந்தால் சேஸ் முழுக்கச் சாம்பல் நிறமாக நிற்கிறது! பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற பிரைமரை அக்கா தனியாகவே அடித்து முடித்துவிட்டாள். அது சனிக்கிழமை, அம்மா வந்த பிறகு செய்ய வேண்டிய வேலை.

"உனக்குப் பரீட்சை வருதுல்ல. அதான் நானே முடிச்சுட்டேன்" என்றாள். அவள் நகக்கண்களில், பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்யும் பட்டி ஒட்டியிருந்தது. சேஸுக்குப் பட்டி எதற்கு என்று கேட்டேன். "சொட்டையா இருந்த எடத்துக்கு. பாக்க நல்லா இருக்கோணும்ல."

எனக்கு ஒரு புதுப் பேனாவும் வாங்கி வந்திருந்தாள். இந்தப் பக்கம் அதில்தான் எழுதுகிறேன். இரவு அவள் சாப்பிடவில்லை.

ஒரு சின்ன விஷயம். சாக்பீஸ் பெட்டியில் நான் எடுத்தது இரண்டு. இப்போது ஏழு குறைகிறது. எலி சாக்பீஸ் தின்னுமா என்று அறிவியல் மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

வண்டி ஓடியது!

எட்டு உதை வரை ஒன்றும் இல்லை. ஒன்பதாவது உதையில் சுடுகாட்டுப் புகை மாதிரி ஒரு வெள்ளைப் புகை, பிறகு டம் டம் டம் டம். ஆறுச்சாமி அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "பொணம் எந்திரிச்சுருச்சுங்கக்கா!"

நேற்று இரவு வந்த அம்மா, வந்ததும் பதிவேட்டைப் பிரித்து என் வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பிரைமர் அடித்திருந்த சேஸை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "சுறுசுறுப்பு வந்துருச்சே" என்று அக்காவைச் சொன்னாள். ராத்திரியே நீலம் அடித்து, இன்று மாலைக்குள் பூட்டிவிட்டோம். விளக்கு, மட்கார்டு, கேரியர் எதுவும் திரும்பப் போடவில்லை. டிரையல்ஸ் வண்டிக்கு எடை குறைய வேண்டும். பின்பக்கம் பெரிய பல்சக்கரம் போட்டதால் வண்டி நடக்கும் வேகத்துக்கும் மெதுவாக ஊர்கிறது.

பட்டறை வாசலில் கருங்கல் ஜல்லி குவித்திருந்தார்கள். அக்கா நின்றபடியே அதன் மேல் ஏறினாள், உச்சியில் நின்றாள், மூச்சு விட்டாள், இறங்கினாள். கால் படவில்லை. கிரைண்டர் கடைக்காரர், "ஏனம்மிணி, எறும்பு உன்ன முந்திப் போகுது பாரு" என்று கத்தினார். தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அவள் அவ்வளவு அழகு என்பதை நான் இதற்கு முன் கவனித்ததில்லை.

அம்மா எல்லோரிடமும் சொன்னாள். "சேஸு என்ற சின்னவ சோதிச்சதுங்க."

நவம்பர் 20, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

எழுத்து கோணலாகத்தான் வரும்.

செட்டிபாளையம் தாண்டி, போட்டி நடக்கப் போகும் கைவிட்ட கல்குவாரியில் இன்று எல்லோருக்கும் பயிற்சி. கோபியிலிருந்து வந்த ஒருவர் எங்களுக்கு முன்னால் போனார். இடுப்புயரப் பாறை. வேகமே இல்லை. பாறையிலிருந்து முன் சக்கரம் இறங்கியது, தரையைத் தொட்டது. அவ்வளவுதான். வண்டி இரண்டாகப் போய்விட்டது. ஹேண்டில்பாரும் முன் சக்கரமும் அவர் கையோடு முன்னால் போக, மிச்சம் பின்னால் நின்றுவிட்டது. முகம்தான் முதலில் கல்லில் பட்டது.

அந்த நேரத்தில் யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு மறக்கவில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பிறகு அவர் எழுந்து உட்கார்ந்து, தன் பற்களைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

தாடையும் தோள்பட்டையும் உடைந்திருக்கிறதாம். உயிருக்கு ஆபத்தில்லை என்று மாலை தகவல் வந்தது.

அம்மா உடைந்த குழாயின் முனையைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஹேண்டில்பார் செருகற கழுத்துக்குழாய்க்குக் கீழ பழைய விரிசல். ஒரு ராத்திரி எண்ணெய் ஊற வெச்சு சாக்பீஸ் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். என் தலையில் கை வைத்தாள். "நமக்குப் பயமில்ல. வாணி பாத்துட்டா."

அக்கா புளியமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். வெயில் என்றாள். இன்று வெயிலே இல்லை. முகம் கழுவிவிட்டு வந்து அதே பாறையில் ஏறி இறங்கினாள்.

நவம்பர் 24, திங்கள்

ஒரு சோதனை தொடங்கியிருக்கிறேன். ஆறுச்சாமி அண்ணனின் கழிவுக் குவியலில், விரிசல் விட்டது என்று ஒதுக்கிய பம்ப் மூடி ஒன்று இருந்தது. விரிசலின் தடித்த முனை கண்ணுக்குத் தெரிகிறது. மெல்லிய முனை தெரியவில்லை. மெல்லிய முனையில் எண்ணெய் பூசி, சரியாக முப்பத்தைந்து நிமிடம் கழித்துத் துடைத்து, சாக்பீஸ் தடவினேன்.

வெள்ளை.

இப்போது திரும்பவும் பூசி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். காலைவரை ஊறட்டும்.

நவம்பர் 25, செவ்வாய்

கோடு விழுந்துவிட்டது. பேனாவால் வரைந்தது மாதிரி.

நவம்பர் 27, வியாழன்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். மொட்டை மாடியில் துணி காய வைக்கும்போது. புத்தகம், காலை 5:50, 6:25, பம்ப் மூடி, எல்லாவற்றையும்.

அறைவாள் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அப்பாவின் காக்கிச் சட்டையை உதறி, க்ளிப் போட்டு, கையைக்கூட நீவிவிட்டாள். அப்புறம், "சரி விடு" என்றாள்.

"அக்கா, சேஸுல விரிசல் இருக்கலாம்."

"இருக்காது."

"எப்படிச் சொல்ற?"

"பெயிண்ட் அடிச்சு, வண்டி பூட்டி, பத்து நாளா ஓட்டிட்டிருக்கேன். இப்பப் போயிப் பிரிச்சா ஏழாந் தேதிக்குள்ள சேருமா?"

"அம்மாகிட்டச் சொன்னா ஒரு வழி..."

"வாணி." என் இரண்டு கன்னங்களையும் ஈரக் கையால் பிடித்துக்கொண்டாள். "பத்து நாள். பத்தே நாள். ஏழாந் தேதி முடியட்டும், நானே சொல்லிக்கறேன். என்ற தங்கச்சில்ல?"

அவளுக்குக் கோபம் ஏன் வரவில்லை? விழப் போவது அவள். பல்லைக் கையில் வாங்கப் போவது அவள். என்னை இவ்வளவு சுலபமாக யாரும் மன்னித்ததில்லை. அது எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

சேஸின் எந்த இடத்தைப் பார்த்தாலும் கோடு இருப்பதாகத் தெரிகிறது. நீலப் பெயிண்ட் தவிர ஒன்றும் இல்லை. தமிழ் முதல் தாளில் கட்டுரைத் தலைப்பு 'வாய்மை'. இரண்டரைப் பக்கம் எழுதினேன்.

டிசம்பர் 6, சனி

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

இன்று குவாரியில் வண்டிச் சோதனை. இதில் தேறினால்தான் நாளை போட்டி. மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் கிளப்பின் ஆய்வாளர் ஞானப்பிரகாசம் சார். பிரேக், சங்கிலி, டயர் எல்லாவற்றையும் பார்த்து டிக் போட்டார். பிறகு என் பதிவேட்டைப் புரட்டினார். நவம்பர் 12இல் விரல் நின்றது.

"விரிசல் சோதனை யார் செஞ்சது?"

"நான் சார்."

"கையெழுத்து அச்சு மாதிரி இருக்கே. போன தடவ ஒருத்தர் விழுந்தாரில்ல, அதனால எல்லார்கிட்டயும் கேக்கறேன். எவ்வளவு நேரம் ஊற வெச்சீங்க?"

பதிவேட்டில் நேரம் எழுதவில்லை. அதை எழுதச் சொல்லி அம்மா சொல்லவில்லை. அக்கா வண்டிக்கு அந்தப் பக்கம் ஹெல்மெட்டோடு நின்றாள். அவள் தலையை ஆட்டினாள். மெதுவாக, வேண்டாம் என்று.

'ஒரு ராத்திரி' என்பது இரண்டு சொல். வாயில் தயாராக இருந்தது.

"முப்பத்தஞ்சு நிமிஷம்" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நான் ஏதோ வேறு பாஷையில் பேசியது மாதிரி பார்த்தாள்.

"ஒரு ராத்திரின்னு சொன்னியே கண்ணு?"

"பொய்ம்மா."

ஞானப்பிரகாசம் சார் பேனாவை மூடி வைத்தார். "அம்மா, கழுத்துப் பக்கம் பெயிண்டச் சுரண்டிக் காட்டிட்டா நான் கையெழுத்துப் போட்டுடறேன். இல்லைன்னா முடியாது."

அம்மா கருவிப் பையிலிருந்து சுரண்டியை எடுத்தாள். அப்போதுதான் அக்கா ஓடி வந்து வண்டியின் குறுக்கே நின்றாள்.

"அம்மா, வேண்டாம்மா. நாளைக்கு ஒருநா. ஏழே ஏழு பாறை. நான் மெதுவாத்தான போறேன்."

"தள்ளு சாமி. ரெண்டு நிமிசம்."

"அம்மா, கெஞ்சிக் கேக்கறேன்."

அம்மா அவளை ஒரு கையால் நகர்த்திவிட்டுச் சுரண்டினாள். நீலம் வந்தது. சாம்பல் நிறப் பிரைமர் வந்தது. அதற்கும் கீழே இரும்பு வரவில்லை. பட்டி வந்தது, காய்ந்த மாவு மாதிரி பொடிப்பொடியாக. அம்மா அதையும் சுரண்டினாள். கழுத்துக்குழாய்க்குக் கீழே, குழாயைச் சுற்றி ஒரு கோடு. கறுப்பு இல்லை. வெள்ளை. கோட்டுக்குள் சாக்பீஸ் பொடி இருந்தது.

நான் தடவிய சாக்பீஸை நானே ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். இது வேறு சாக்பீஸ். இதை யாரோ தடவி, கோடு விழுந்ததைப் பார்த்து, அதன் மேலேயே பட்டி வைத்து அப்பியிருக்கிறார்கள்.

எனக்கு விளங்குவதற்கு முன்னால் அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"எப்ப?" என்றாள். என்னிடம் இல்லை.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள். "பன்னெண்டாந் தேதி ராத்திரி. இவ சரியா ஊற வெக்கலைன்னு தெரியும். அதுக்கு முந்தின ராத்திரியெல்லாம் புஸ்தகந்தான் படிச்சா. அதனால நான் பூசி வெச்சேன். காலைல பாத்தா..."

"கோடு."

"ஆமா."

"நீயே பாத்த."

"ஆமாம்மா."

"பாத்துப்போட்டு அதும் மேல ஏறி ஓட்டுன. மூணு வாரம். அன்னைக்கு அந்தப் பையன் வாயில ரத்தம் ஒழுகறதப் பாத்துட்டு, அடுத்தாப்புல நீ அதே பாறையில ஏறுன. நான் கீழ நின்னு கை தட்டுனேன்."

அக்கா ஹெல்மெட்டைத் தரையில் வைத்தாள்.

ஆறுச்சாமி அண்ணன் குனிந்து பார்த்தார். பற்றவைக்கலாமா என்று ஞானப்பிரகாசம் சார் கேட்டார். "உள்ளுக்குக் குழாய் குடுத்துப் பத்த வெக்கோணுங்க. மூணு நாளாகும். இப்ப மேலாப்புல ஒட்டுனா அதும் பட்டி மாதிரித்தானுங்க" என்றார்.

"எழுதிக்குங்க சார்" என்றாள் அம்மா. "வண்டி போட்டியில எறங்கல."

திரும்பி வரும் டெம்போவில் அக்கா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். என்னைப் பார்க்காமல், வெளியே பார்த்துக்கொண்டு.

"ஒரு ராத்திரின்னு சொல்றதுக்கு உனக்கு வாய் வரலையாடி?"

வரவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

காலை எட்டு மணிக்குப் போட்டி தொடங்கியிருக்கும். எட்டு மணிக்கு நாங்கள் பட்டறையில் இருந்தோம். அம்மா எஞ்சினை இறக்கினாள், சக்கரங்களைக் கழற்றினாள். நான் பாட்டில்களைக் கொண்டு வந்தேன். சேஸ் தனியானதும் அம்மா அதன் கழுத்தைப் பெஞ்சிலிருந்த இரும்புப் பிடியில், வைஸில், இறுக்கிவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள்.

"வா. வால் பக்கம் புடி. உன்ற பாரம் முழுசையும் குடுத்து அமுக்கு."

அக்கா அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை.

"இன்னொருக்கா."

எம்பி அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. அக்கா நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். அந்த முகத்தை எப்படி எழுதுவது? 'பாத்தீங்களா, நான் ஜெயிச்சிருப்பேன்' என்று இருந்தது அந்த முகம். எனக்கும் ஒரு கணம், உடையாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. உடையாவிட்டால் அவள் வாழ்க்கையைக் கெடுத்தது நான்.

"இன்னொருக்கா" என்றாள் அம்மா.

மூன்றாவது தடவை கரும்பு ஒடிக்கிற சத்தம் கேட்டது. அக்கா சேஸின் பாதியோடு தரையில் போய் உட்கார்ந்தாள்.

அடிபடவில்லை. அம்மா அவள் கையிலிருந்த பாதியை வாங்கி, உடைந்த குழாயின் வாயை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். குழாயின் வட்டம் முழுக்கக் காவி நிறத் துரு. பழைய உடைப்பு. ஓர் ஓரத்தில் மட்டும், நகத்தில் தெரியும் வெள்ளைப் பிறை அளவுக்கு, புது இரும்பு பளபளத்தது.

"இத்தினியூண்டுதான் உன்னப் புடிச்சிட்டு இருந்துச்சு" என்றாள் அம்மா. லேத் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. சத்தமே வரவில்லை.

அக்கா அந்தப் பிறையை விரலால் தொட்டாள். ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் எழவில்லை. மூன்று மணி இருக்கும், அவள் என்னைக் கேட்டாள்.

"அன்னைக்குக் காலைல அந்தக் கோடு உனக்குத் தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"சொல்லியிருப்பேன்."

"என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு ஓசூர் போக வேண்டும் என்பதும், ஜனவரியில் இருபத்தொன்று முடிகிறது என்பதும் அன்றைக்கும் எனக்குத் தெரியும். சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் இப்போதும் கை போகிறது. தெரியாது. அவளிடமும் அதையே சொன்னேன். அவள் நகர்ந்து எனக்குத் தரையில் இடம் விட்டாள்.

ஆறு மணிக்கு மேல் அப்பா டூட்டி முடிந்து வந்தார். நேற்று அதிகாலை போனவர். போனில் யாரும் அவருக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. கையில் இரண்டு டப்பா பஞ்சாமிர்தம். வாசலிலிருந்தே, "எத்தனாவது? ஆறுக்குள்ளயா, வெளியவா? சொல்லிப்போடுங்க, நெஞ்சு தாங்காது" என்றார்.

அவர் வைஸைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். டப்பாக்களைக் கீழே வைத்துவிட்டு, வைஸிலிருந்து கழுத்தைக் கழற்றி ஒரு கையிலும், கிடந்த பாதியை மறு கையிலும் எடுத்தார். இரண்டு வாயையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. கையை எடுத்தால் விழுந்துவிடும் என்பதால் அப்படியே பிடித்துக்கொண்டு, அக்காவையும் அதையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்.

"குடுங்க" என்று அம்மா அதை வாங்கி வைத்தாள். "வீட்டுக்குள்ள வாங்க எல்லாரும்."

நாங்கள் மூன்று பேரும் பட்டறையை விட்டு வெளியே வந்த பிறகு அம்மா பட்டறை விளக்குகளை அணைத்தாள்.